ஆறு காலிப் பெட்டிகளும் ஒரு மாப்பிள்ளையும்

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது வாங்குகிற அடிக்கு வாய்விட்டுச் சத்தம் போடலாம். மாப்பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. தலையில் முன்பாதி காலி. மாப்பிள்ளை என்று கூப்பிடுவதற்கான எந்த நியாயமும் உடம்பில் மிச்சமில்லை. ஆனால் பயணப் பெட்டி செய்கிற பட்டறை ஒன்றின் முதலாளிகளான அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஒரு தங்கை. அவளைக் கட்டியவர் இவர். முதலாளிகள் மாப்பிள்ளை என்று கூப்பிட, அதைக் கேட்டு ரிவெட் அடிக்கிறவர் கூப்பிட, பிசின் பூசுகிறவர் கூப்பிட, கடைசியில் தபால்காரர் வரைக்கும் அது பரவிவிட்டது. வங்கியில் படிவம் நிரப்பும்போது 'பெயர்' என்ற கட்டத்துக்கு முன்னால் இரண்டு நொடி யோசித்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பட்டறையில் அவர் அட்டை வெட்டுகிறவர். அது சம்பளத்துக்கான வேலை. உண்மையான வேலை வேறு. மச்சான்கள் இருவரும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த வேலை.

சொத்துச் சண்டையில்லை, பெண்டாட்டிமார் சண்டையில்லை. சக்கரச் சண்டை. பெட்டிக்கு இரண்டு சக்கரம் போதும் என்பது பெரிய மச்சானின் கட்சி. "பெட்டின்னா மனுஷனுக்குப் பின்னாடி வரணும். முன்னாடி துள்ளிக்கிட்டு ஓடுனா அது பெட்டியா, ஆட்டுக்குட்டியா?" நாலு சக்கரம் வேண்டும் என்பது சின்ன மச்சானின் கட்சி. "உலகமே தள்ளிட்டுப் போகுது. நாம மட்டும் இன்னும் இழுத்துக்கிட்டே கிடக்கோம்." ஒரு திங்கட்கிழமை காலை, 'உனக்கென்ன தெரியும்' என்று ஒருவர் கேட்டார். 'தெரியாதவன்கிட்ட இனிமே பேசாதீங்க' என்று மற்றவர் சொன்னார். இருவரும் சொன்ன சொல் தவறாத பரம்பரை. முன் அறையில் இரண்டு சக்கரம், பின் அறையில் நாலு சக்கரம் என்று பட்டறை பிரிந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த நடையில் வெட்டு மேசை. மேசைக்குப் பின்னால் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, அந்தக் கழுதைகிட்டச் சொல்லுங்க, ரெக்ஸின் சுருளை வெயில்ல போடாதேன்னு."

மாப்பிள்ளை பின் அறைக்குப் போவார். தையல் மெஷின்களின் சத்தத்தில் முன் அறைப் பேச்சு அங்கே கேட்காது. "அண்ணன் சொன்னாரு, வெயில்ல உங்க ரெக்ஸின் வெளுத்துடுமாம். பாவம், தம்பி சரக்கு வீணாயிடுமேன்னு கவலைப்படறாரு."

"அப்படியா? அவரு சுருளை மொதல்ல எலி கடிச்சிருக்கு. கண்ணு தெரியலையா கிழவனுக்கு?"

மாப்பிள்ளை முன் அறைக்குத் திரும்புவார். "தம்பி உங்க சுருளைப் பாத்தாராம். எலி கடிச்சிருக்காம். அவருக்கு மனசே கேக்கலையாம்."

இப்படிச் சொல்லச் சொல்ல வார்த்தை கனிந்து, பின் அறையும் முன் அறையும் கைகலப்பில்லாமல் ஓடின. அவருடைய மனைவி பட்டறையில் லைனிங் தைப்பவள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். "உங்க வாய்ல ஒரு சர்க்கரை ஆலையே ஓடுது. ஒரு நாளைக்கு எறும்பு மொய்க்கப் போகுது, பாத்துக்குங்க" என்பாள். மாப்பிள்ளை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் சர்க்கரையால் சரக்கு விற்குமா? நாற்பது பேர் வேலை செய்த இடத்தில் இப்போது பதினொரு பேர். கடைசியாக ஒரு வழி திறந்தது. நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கடையின் கொள்முதல் மேடம், ஒரு நகரத்து ஹோட்டலில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து, பெட்டி செய்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கப் போகிறார். இவர்களுக்குப் பதினொன்றரை மணி. பன்னிரண்டே காலுக்கு மேடம் கிளம்பிவிடுவார். ஆர்டர் கிடைத்தால் பட்டறைக்கு ஒரு வருஷ வேலை. கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு மூடிவிடுவது. இதைப் பெரியவர் தனியாகவும் சின்னவர் தனியாகவும் மாப்பிள்ளையிடம் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் அவர் திருத்த வேண்டியிராத ஒரே செய்தி அதுதான்.

முந்தின நாளே போயிருக்கலாம். ஆனால் ஹோட்டலில் ஒரு அறை எடுப்பதா, இரண்டா, இரண்டென்றால் மாப்பிள்ளை எதில் படுப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை கிடைப்பதற்குள் முந்தின நாள் முடிந்துவிட்டது. ஆகவே அன்று காலை விமானத்தில் மூவரும் வந்து இறங்கினார்கள். பெரியவருடைய பெட்டிகள் மூன்று, சின்னவருடையவை மூன்று. பட்டறையில் வழக்கமாகப் பெரிய பெட்டிக்குள் நடுப்பெட்டியையும், அதற்குள் சின்னப் பெட்டியையும் வைத்து அனுப்புவார்கள். மாதிரிப் பெட்டிகளில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று இந்த முறை ஆறையும் தனித்தனியாகப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

வெளியே போகும் வழியில் ஒரு அதிகாரி கையைக் காட்டினார்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்லைங்க" என்றார் மாப்பிள்ளை.

"இதுல?"

"இதுலயும் ஒண்ணுமில்லைங்க."

"ஆறுலயுமா?"

"ஆறுலயும்."

"ஒண்ணுமே இல்லாததையா விமானத்துல ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

நியாயமான கேள்வி. தன் வாழ்க்கையில் யாராவது முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அதிகாரி ஆறு போர்வைகளையும் அவிழ்த்தார். ஆறு பெட்டிகளையும் திறந்து தட்டினார், முகர்ந்தார், லைனிங்கின் ஓரமெல்லாம் விரலை விட்டுத் தடவினார். விரல் நுழைய எங்கும் இடமில்லை.

"யாரு தச்சது?"

"என் சம்சாரம்."

"கெட்டியா இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாக. அன்று அந்தப் பெட்டிகளுக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அது. போர்வைகளைத் திரும்பச் சுற்றி வெளியே வந்தபோது மணி பத்து இருபது.

விசாரணை மேசையில் இருந்த பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ரயிலென்றால் இருபத்தெட்டு நிமிஷம், இறங்கித் தெருவில் கொஞ்சம் நடக்க வேண்டும். டாக்சியென்றால் முக்கால் மணி நேரம், ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் இத்தனை பெட்டிக்கு இரண்டு வண்டி வேண்டும். இரண்டில் எதில் போனாலும் பதினொன்றரைக்குள் போய்விடலாம். அது மாப்பிள்ளைக்கே தெரிந்தது. மாப்பிள்ளைக்குத் தெரிவது எப்போதும் பிரச்சினையாக இருந்ததில்லை. தெரிந்ததைச் சொல்வதுதான் பிரச்சினை.

பெரிய மச்சான் ஒரு தூணோரம் தன் மூன்று பெட்டிகளோடு நின்றார். சின்ன மச்சான் இருபது அடி தள்ளிக் கண்ணாடிக் கதவோரம் தன் மூன்றோடு நின்றார். நடுவில் ஜனக்கூட்டம், ஒலிபெருக்கி, வண்டிகளின் இரைச்சல். பட்டறை அப்படியே பெயர்ந்து வந்ததுபோல இருந்தது.

"ரயில்தான்" என்றார் பெரியவர். "இழுத்தா ஏறுது, இழுத்தா இறங்குது. தெருவுல நடக்கறதும் நல்லதுதான். நம்ம பெட்டி எந்தத் தரையிலயும் வரும்னு அந்தம்மா ஜன்னல்ல இருந்து பாக்கட்டும்."

"சின்னவரோட பெட்டிங்க ரயில்ல நிக்காதே மச்சான். பிரேக் போட்டா உருண்டுடுமே."

"அதைத்தானே ரெண்டு வருஷமா சொல்றேன்! உருளட்டும். உருண்டு போயி டிரைவரைப் பாத்துட்டு வரட்டும்."

மாப்பிள்ளை இருபது அடி நடந்தார்.

"டாக்சி" என்றார் சின்னவர். "ரெண்டு டாக்சி. நேரா வாசல்ல இறங்கறோம். வழவழன்னு தரை. ஒத்தை விரலால தள்ளிக்கிட்டு உள்ள போறேன், அந்தம்மா வாயடைச்சுப் போகணும். அவரு வேணும்னா ரயில்ல போயித் தோள்பட்டையைக் கழட்டிக்கட்டும்."

"ரெண்டு டாக்சின்னா நான் எதுல ஏறுறது?"

"என்கூடத்தான். இதென்ன கேள்வி?"

மாப்பிள்ளை திரும்ப இருபது அடி நடந்து, இரண்டு டாக்சி பிடித்தால் எப்படி என்று பெரியவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "பிடிங்க. நீங்க என்கூட வருவீங்க. அவனுக்குத்தான் நாலு சக்கரம் இருக்கே, துணை எதுக்கு?"

ரயிலென்றால் சின்னவர் அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார். டாக்சியென்றால் பெரியவர் திரும்பிவிடுவார்; திரும்பாவிட்டாலும், எந்த டாக்சியில் மாப்பிள்ளை ஏறவில்லையோ அந்த டாக்சி அவரை ஆயுசுக்கும் மன்னிக்காது. இப்படி அவர் நின்றபோதுதான் பச்சை நிறப் பலகை கண்ணில் பட்டது. 'விமான நிலையப் பேருந்து. எல்லா ஹோட்டல்களுக்கும். ஒரு மணி நேரம்.' வண்டி பத்தரைக்கு. பத்தரையோடு ஒரு மணி நேரம் சேர்த்தால் பதினொன்றரை. யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை. நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைக்கிற மனிதருக்கு, பலகையும் பொய் சொல்லும் என்று தோன்றவில்லை.

முதலில் பெரியவர்.

"மச்சான், சின்னவர் பஸ்ல போகலாம்னு சொல்றாரு. 'அண்ணனுக்கு முழங்கால் வலி. ரயில்ல படி ஏறி இறங்க வேணாம். பஸ்ஸுன்னா உக்காந்துக்கிட்டே வரலாம்'னாரு."

பெரியவர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார், அதை யாரோ விசாரித்ததாகக் கேள்விப்பட்டு அடையாளம் பார்ப்பதுபோல. "அவனாவா சொன்னான்?"

"அவராவேதான்."

"சரி... பஸ்ஸே சொல்லுங்க."

பிறகு சின்னவர். "மச்சான், அண்ணன் ரயிலை விட்டுட்டாரு. 'தம்பிக்கு வாசல்ல போயி இறங்கணும்னு ஆசை. பஸ்ஸும் வாசலுக்குத்தானே போகுது, அவன் மனசு கோணாம போவோம்'னாரு."

"ரயிலை விட்டுட்டாரா?"

"விட்டுட்டாரு."

சின்னவர் கொஞ்ச நேரம் தூண் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "வயசாயிடுச்சு அவருக்கு" என்றார் மெல்ல. மாப்பிள்ளைக்குத் தன் வாயின் மேல் தனக்கே மரியாதை வந்தது.

பேருந்தின் பக்கவாட்டில் சாமான் அறை. ஓட்டுநர் அதைத் திறந்ததும் மச்சான்கள் இருவர் முகமும் ஒரே சமயத்தில் வெளுத்தது. பேருந்து அறைக்குள் பெட்டிகள் என்ன பாடுபடும் என்பது உலகத்தில் வேறு யாரைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உடைந்து திரும்பி வந்தவற்றை முப்பது வருஷமாகப் பழுது பார்த்தவர்கள்.

"உள்ள வச்சுக்கறோமே" என்றார் மாப்பிள்ளை.

"உள்ள ஆளுங்க உக்காரணும்" என்று சொல்லி, ஓட்டுநர் பெரியவருடைய பெட்டியைத் தூக்கி வீசினார். காலிப்பெட்டி என்பதால் அது அவர் நினைத்ததைவிடத் தூரம் போயிற்று. "என்னங்க இது, உள்ள காத்தா?" என்று சிரித்துக்கொண்டே மற்ற ஐந்தையும் இன்னும் உற்சாகமாக வீசினார்.

பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். சின்னவர் கடைசி வரிசையில். மாப்பிள்ளை சரியாக நடு வரிசையில், அதுவும் நடைபாதை ஓரத்து இருக்கையில்.

முதல் ஹோட்டல் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. நல்ல வேகம்தான் என்று மாப்பிள்ளை நினைத்தார். அங்கே இறங்கியவர் தன் பை எது என்று மறந்துபோயிருந்தார். இரண்டாவது ஹோட்டலுக்கு ஒருவழிப்பாதை; அதையே மூன்று பக்கமிருந்தும் பார்த்துவிட்டு நாலாவது பக்கம் போய் நின்றார்கள். மூன்றாவதில் ஒரு சுற்றுலாக் கும்பல் இறங்கி, எண்ணிப் பார்த்து, ஒருவர் குறைந்து, திரும்ப எண்ணியது. ஒவ்வொரு ஹோட்டலிலும் சாமான் அறை திறக்கப்பட்டு, இவர்களுடைய ஆறு பெட்டிகளும் வெளியே எடுத்து வைக்கப்பட்டு, திரும்ப உள்ளே வீசப்பட்டன. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்வரிசையில் ஒரு தலை திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தது. கடைசி வரிசையில் இன்னொரு தலை பார்த்துக்கொண்டிருந்ததை அவர் முதுகால் உணர்ந்தார்.

"நம்ம ஹோட்டல் எத்தனாவதுங்க?" என்று ஓட்டுநரிடம் கேட்டார்.

"எட்டாவது."

"ஒரு மணி நேரம்னு பலகையில போட்டிருக்கே?"

"அது ராத்திரில போட்ட பலகை" என்றார் ஓட்டுநர்.

பதினொன்றரை மணிக்கு ஐந்தாவது ஹோட்டலில் நின்றார்கள். மாப்பிள்ளை கடிதத்திலிருந்த எண்ணைக் கூப்பிட்டார். மேடத்தின் உதவியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம் உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க. பன்னிரண்டே காலுக்குக் கார் வந்துடும். அதுக்குள்ள வந்துடுங்க சார்." மாப்பிள்ளை முன்வரிசைக்குப் போய் "காத்திருக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றார். கடைசி வரிசைக்குப் போய் "அவசரமே இல்லையாம்" என்றார்.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷத்தில் இவர்களுடைய ஹோட்டல் வந்தது. ஓட்டுநர் பெட்டிகளை இறக்கினார். போர்வைகளைக் காணவில்லை, எந்த ஹோட்டலில் எந்தப் போர்வை போயிற்றோ. சின்னவருடைய பெரிய பெட்டி நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு சக்கரம் முறிந்து போயிருந்தது. இரண்டா நாலா என்று இரண்டு வருஷமாக நடந்த வழக்குக்கு, மூன்று என்று ஒரு தீர்ப்பு.

சின்னவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் வலிக்கிற முழங்காலை மடக்கி, சாமான் அறைக்குள் தலையை விட்டு, இருட்டில் தடவினார். வெறுங்கையோடு வெளியே வந்தார். மாப்பிள்ளையைத் தனியாக இழுத்து, "உடைஞ்ச பக்கத்தைச் சுவத்துப் பக்கமா வச்சுக் காட்டச் சொல்லுங்க. சாயாம இருக்கக் கீழ எதையாவது முட்டுக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளைக்குத் திருத்த ஒரு எழுத்துகூட இல்லை. அப்படியே கொண்டுபோய்ச் சின்னவரிடம் சொன்னார்.

சின்னவர் புருவத்தைச் சுருக்கினார். "இவ்வளவுதான் சொன்னாரா? எப்பவும் இன்னும் இதமா சொல்வாரே. கோவமா இருக்காரா?"

மாப்பிள்ளை உடைந்த பெட்டியைக் கையில் எடுத்தார். ஆறு பெட்டிகளையும் தள்ளியும் இழுத்தும் தூக்கியும் மூவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். கார் கதவு திறந்திருந்தது. கறாரான முகம் என்று எதிர்பார்த்திருந்தார்கள். தூக்கமில்லாத, நல்ல முகமாக இருந்தது.

"நீங்கதானா? உங்களுக்காகப் பதினொன்றரையில இருந்து உக்காந்திருந்தேன்."

"பஸ்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"பரவாயில்ல. டிரைவர் சாமான் ஏத்தற வரைக்கும் நேரம் இருக்கு. காட்டுங்க."

பெரியவர் பெட்டியைத் திறந்தார், சின்னவர் திறந்தார். மேடம் குனிந்து ஜிப்பை இழுத்தார், கைப்பிடியை அசைத்தார், லைனிங்கைத் தடவினார். "தையல் ரொம்ப நல்லா இருக்கு. பாடியும் உறுதியா இருக்கு" என்றார். நிமிர்ந்தார். "ஆனா நான் எடுத்தா ஒரு மாடல்தான் எடுப்பேன். ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா? உங்க பட்டறை எதுல கெட்டிக்காரங்க?"

"ரெண்டு" என்றார் பெரியவர்.

"நாலு" என்றார் சின்னவர்.

மேடம் இருவரையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்கதானே வேலை செய்றீங்க? நீங்க சொல்லுங்க. நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீங்கன்னா எதை எடுத்துட்டுப் போவீங்க?"

இரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவருக்குப் பதில் தெரியும். பெட்டியின் உடம்பு பெரியவருடையதுதான் உறுதி. ஆனால் காலையில் விமான நிலையத்தில் அவர் கை தானாகப் போய்ப் பிடித்தது சின்னவருடைய பெட்டியைத்தான். 'நாலு சக்கரம்தான் மேடம், அண்ணன் போடற பாடி மேல' என்று சொன்னால் போதும், பட்டறை பிழைத்துவிடும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பெரியவரின் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. வயதானவர், ஒரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே நல்லா இருக்கும் மேடம்" என்றார் மாப்பிள்ளை.

மேடம் ஒரு கணம் காத்திருந்தார், மிச்சமும் வரும் என்பதுபோல. வரவில்லை. கார் டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது.

"சரி சார். ஒரு ஈமெயில் போட்டு வைங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்." ஏறும் முன் திரும்பி, "தச்சவங்ககிட்ட நான் நல்லா இருக்குன்னு சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கார் போய்விட்டது.

ஹோட்டல் வாசலில் ஆறு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அங்கே மெஷின் சத்தமில்லை, ஒலிபெருக்கியில்லை. மச்சான்களுக்கு நடுவே ஆறடிகூட இல்லை.

"மாப்பிள்ளை, அவன்கிட்டக் கேளுங்க" என்றார் பெரியவர். "ரயில்ல வந்திருந்தா பதினொண்ணுக்கே இங்க இருந்திருப்போம். என் முழங்காலைப் பத்திக் கவலைப்படச் சொல்லி அவனை யாரு கேட்டா?"

"எந்த முழங்கால்?" என்றார் சின்னவர். நேராக அண்ணனைப் பார்த்து.

"நீதானே என் முழங்காலுக்காகப் பஸ்ஸுன்ன?"

"நானா? நான் ரெண்டு டாக்சின்னேன். நீங்கதான், நான் வாசல்ல இறங்கணும்னு பஸ்ஸுன்னீங்க."

"நான் எங்கடா சொன்னேன்? நான் ரயிலுன்னேன்."

இருவரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து ஒரு பெட்டியின் ஜிப்பை மூட ஆரம்பித்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.

"போன வருஷம் என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ" என்றார் சின்னவர், அண்ணனிடம் மெதுவாக, "நீங்க ராத்திரி பூரா தூங்கலைன்னு சொல்லி அனுப்பினீங்களே..."

"காய்ச்சலா? எப்போ?"

சின்னவர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கண்ணு ஆபரேஷனுக்கு" என்றார் பெரியவர், "நீ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, என் மூஞ்சியைப் பாக்க முடியாம அழுதுக்கிட்டே திரும்பிட்டேன்னு..."

"ஆபரேஷன் நடந்ததே எனக்கு அப்புறம்தான் தெரியும்ண்ணே."

கோபம் வந்திருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். மத்தளத்துக்கு அடி புதிதா? வரவில்லை. இருவரும் எதையோ நெடுந்தூரம் தூக்கி வந்து, இறக்கி வைத்து, திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டவர்கள்போல நின்றார்கள்.

"அப்ப ரெண்டு வருஷமா நாம பேசிக்கவே இல்ல" என்றார் பெரியவர்.

"இல்ல."

"இனிமே எதுக்கு? மூடிடலாமா?"

"மூடிடலாம்ண்ணே."

அண்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தம்பி பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மெஷின்கள் யாருக்கு, ரிவெட் எந்திரம் யாருக்கு, மிச்சமிருக்கும் பதினொரு பேருக்கு என்ன சொல்வது என்று பேச ஆரம்பித்தார்கள். அமைதியாக, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து பேசினார்கள். இரண்டு வருஷமாக மாப்பிள்ளை காண ஆசைப்பட்ட காட்சி. அதைப் பார்க்க அவர் அங்கே தேவைப்படவில்லை. தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றார்.

போன் அடித்தது. மனைவி. பின்னால் மெஷின் ஓடும் சத்தம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க, பாத்தாச்சா?"

பதில் அவரிடம் தயாராக இருந்தது. மேடம் ரொம்ப நல்லா பேசினாங்க, உன் தையலைப் பாராட்டினாங்க, ஈமெயில் போடச் சொல்லியிருக்காங்க. இந்த முறை அதில் பொய்கூட இல்லை.

"கிடைக்கல" என்றார். "மாசக் கடைசியோட மூடறாங்க. நேரத்துக்குப் போயிருந்தா கிடைச்சிருக்கும். கடைசியில வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் கிடைச்சிருக்கும். ரெண்டையும் கெடுத்தது நான்தான்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள், "அண்ணனுங்க என்ன செய்றாங்க?" என்றாள்.

"பேசிக்கிட்டிருக்காங்க."

"ரெண்டு பேருமா? நேராவா?" அவள் குரல் ஒரு நொடி சின்னப் பெண்ணுடையதுபோல எழும்பியது.

"நேராத்தான். வெட்டு மேசையை யாரு எடுத்துக்கறதுன்னு."

தெருவில் ஒரு பேருந்து போயிற்று.

"கையில பெரிய அண்ணனோட பெட்டி லைனிங் பாதி ஓடிக்கிட்டிருக்கு" என்றாள். "முடிச்சிடட்டுமா, விட்டுடட்டுமா?"

வழக்கமாக இதற்கு அவர், முடிச்சாலும் நல்லதுதான், விட்டாலும் நல்லதுதான் என்பார்.

"விட்டுடு" என்றார்.

மெஷின் சத்தம் நின்றது. இருவருமே போனை வைக்கவில்லை.